காயலான் கடைக்குப் போகாத வண்டி

மூட்டை சுமந்தே ஓய்ந்த பழைய பிக்கப்புகளுக்கு வீட்டு வாசலிலேயே உயிர் கொடுக்கிறார்கள் சிலர். சட்டப் புத்தகத்தில்தான் அவற்றுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டினால் கார் கேரியர் லாரிகள் நம் கூடவே ஓடிவரும். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. இருக்கையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாத புது வண்டிகள். அதே சாலையோரத்துக் காயலான் கடைகளில் காட்சி வேறு. கதவில்லாத கேபின், அடுக்கிவைத்த ஸ்பிரிங் பட்டைகள், எண்ணெய் வழிந்து மண்ணோடு ஒட்டிப்போன கியர் பாக்ஸ். கேஸ் கட்டரின் நீலச் சுடர் ஒரு பழைய பிக்கப்பின் சேசிஸைத் தொடுகிறது. எண் பொறித்த துண்டைத்தான் முதலில் வெட்டி எடுப்பார்கள், ஆர்.சி.யை ரத்து செய்ய அது வேண்டும். மற்றதெல்லாம் எடைக்கு.

உத்திரமேரூர்ப் பக்கத்து நெல் மூட்டை, ஜவுளிக் கட்டு, கல்யாண வீட்டு அண்டா, திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் சுமந்த வண்டிகள் இவை. காஞ்சிபுரத்துத் தெருக்களில் பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர் முந்தானை வேலைப்பாட்டைப் பார்ப்பதில்லை. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி தேறும் என்றுதான் பார்ப்பார். பழைய பிக்கப்புக்கும் அதே கதி. இரும்பாக அதற்கு விலை உண்டு, வண்டியாகக் கிடையாது.

அந்தக் கணக்கை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள். பழைய கார்களைப் பளபளப்பாக்கி அணிவகுப்புக்கு ஓட்டிவரும் வசதிபடைத்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தக் கட்டுரை சரக்கு வண்டியைக் காப்பாற்ற நினைப்பவர்களைப் பற்றியது. காரைவிட அது கடினமான வேலை, சட்டப்படி பார்த்தால் இன்னும் கடினம்.

சுமந்து ஓய்ந்தவை

இந்த மாவட்டத்துக்கும் வண்டிக்கும் உள்ள உறவு ஹூண்டாயோடு தொடங்கியதென்று பலர் நினைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது 1998-ல்தான். அதற்கு வெகு முன்பே, காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை நடந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பலருக்கும் நினைவிருக்கும். அதே நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 20’ என்ற சரக்கு வண்டியையும் செய்தது. வேன், பிக்கப், ஆம்புலன்ஸ் என்று பல வடிவங்களில் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய வண்டி அது. ஹெரால்டைப் போற்றிக் காப்பவர்கள் இன்றும் உண்டு. ஸ்டாண்டர்டு 20-ஐக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்று கேட்டால் அறுபதைக் கடந்தவர்களே யோசிப்பார்கள். காருக்கு வீட்டில் ஓர் இடம் இருந்தது, பண்டிகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், விற்க மனம் வரவில்லை. சரக்கு வண்டி சம்பாதித்துக் கொடுத்தது. சம்பாத்தியம் நின்றதும் போய்விட்டது.

கோயம்புத்தூரில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும், சென்னை வடபழனியில் 2023-ல் திறக்கப்பட்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தமிழ்நாட்டில் பழைய வண்டியை மதிக்கும் கண் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கண் போவதெல்லாம் காரின் பக்கம்தான்.

▣ பெட்டிச் செய்தி: பிக்கப் வந்த வழி

1925: அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம், மாடல் டி வண்டியைப் பின்தொட்டியோடு தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கியது. அதுவரை வாங்கியவர்களே தச்சரிடம் கொடுத்துத் தொட்டி கட்டிக்கொண்டார்கள்.

1947: மஹிந்திரா, மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோக்கத் தொடங்கியது. ஜீப்பின் அடித்தளத்தில் எழுந்த பிக்கப்புகள் பின்னர் கிராமச் சாலைகளைப் பிடித்தன.

1986: டாடா 407.

1988: டாடா மொபைல் 206, டாடாவின் முதல் பிக்கப்.

2005: டாடா ஏஸ். இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல். தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’.

2016: இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். பிக்கப்பைச் சொந்த உபயோகத்துக்கு வெள்ளை நம்பர் பிளேட்டோடு வாங்கும் பழக்கம் பரவியது.

வாசலே பட்டறை

வேலையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினில் கை வைக்கிறார்கள். அது பின்னால் பார்க்க வேண்டியது. முதலில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். எண்ணைத் துரு தின்றிருந்தால் பணம் கொடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும். எவ்வளவு அழகாகச் செய்து முடித்தாலும் அந்த வண்டி சாலையேற முடியாது.

அடுத்தது சேசிஸ். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களையும் கேபின் உட்காரும் தாங்கிகளையும் குத்திப் பார்க்க வேண்டும். இரும்பு ‘டிங்’ என்றால் நல்லது, முனை உள்ளே இறங்கினால் செலவு. சென்னையின் உப்புக்காற்றில் நின்ற வண்டிக்கும் உள்நாட்டில் நின்ற வண்டிக்கும் வித்தியாசம் தெரியும். அதற்காகக் காஞ்சிபுரத்து வண்டி தப்பித்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மரத்தடியில் நின்று, இலைச்சருகு அடைத்து, ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் கேபின் தரையில் தேங்கிய வண்டிகள் கீழிருந்து உளுத்துப்போயிருக்கும்.

பிரித்துப் போடுவது எளிது. அதில்தான் பல வண்டிகள் செத்துப்போகின்றன. ஆர்வத்தில் இரண்டே நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எந்த போல்ட் எங்கே இருந்தது என்று தெரியாமல் சாக்கில் கட்டி மூலையில் போட்டு, கடைசியில் சாக்கோடு விற்றுவிடுகிற கதை ஊருக்கு ஊர் உண்டு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் படம், கழற்றிய போல்ட்டுக்குத் தனிப் பை, பை மேல் பெயர். இது சோம்பேறித்தனத்துக்கு இடமில்லாத வேலை.

இன்ஜின் பயமுறுத்தும் அளவுக்குச் செலவு வைப்பதில்லை. பழைய வில்லிஸ், மஹிந்திரா இன்ஜின்கள் திறந்து மூடுவதற்கென்றே செய்தவை போல இருக்கும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கிரைண்டிங் செய்துவிடலாம். ஜீப்பின் 6.00-16 டயர் இன்றும் கடையில் கிடைக்கிறது. பழைய பிக்கப்புகளின் முன்கண்ணாடி தட்டையானது என்பதால், லேமினேட்டட் கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காத உதிரிக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. அந்தச் சந்துகளில் என்ன பாகம் வேண்டும் என்று வாயால் சொல்வதைவிட, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. பார்த்த மாத்திரத்தில் எந்த வண்டியின் எந்த வருஷத்துப் பாகம் என்று சொல்லும் கண்கள் அங்கே உண்டு.

பணத்தை விழுங்குவது தகரம். கேபின் மூலைகள், கதவின் அடி விளிம்பு, தொட்டியின் தரை எல்லாம் புதிதாக வெட்டி, தட்டி, பற்றவைக்க வேண்டியவை. துருவை அப்படியே விட்டு மேலே விரல் கனத்துக்குப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டால் முதல் வருஷம் கண்ணைப் பறிக்கும். அடுத்த மழைக்காலத்தில் கொப்பளம் விடும். நல்ல டிங்கர் துருப்பிடித்த பகுதியை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டு, சி.ஆர். ஷீட்டில் அதே வளைவைச் சுத்தியலாலும் தாங்குகட்டையாலும் எழுப்புவார். பட்டி அவருக்குக் கடைசி ஒரு பூச்சுதான்.

தறியும் தூசியும்

இந்தப் பொழுதுபோக்கைக் காஞ்சிபுரத்தில் செய்வதற்கு இந்த ஊருக்கே உரிய கட்டுப்பாடுகள் உண்டு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீடும் தறிக்கூடமும் ஒன்றுதான். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை விரித்து நீவுகிற வேலை நடக்கும். பக்கத்து வாசலில் ஒருவர் பட்டி தேய்த்தாலோ, ஸ்பிரே கன் எடுத்தாலோ, காற்றில் வரும் தூசியும் பெயிண்ட் துளியும் அந்தப் பாவில் இறங்கினால் ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பு போச்சு. கறை ஏறிய பட்டை விற்க முடியாது. அதனால் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் தெருவில் நடக்கக் கூடாது. ஊருக்கு வெளியே மூடிய கொட்டகைக்கு வண்டியை இழுத்துப் போய்ச் செய்ய வேண்டும். ஈரம் தொட்டுத் தேய்த்தால் தூசி பறப்பது பெருமளவு குறையும்.

இன்னொன்று உற்சவம். வரதராஜப் பெருமாள் வைகாசி கருட சேவைக்குச் சின்னக் காஞ்சியிலிருந்து பெரிய காஞ்சி வரை எழுந்தருளும் வழியில், சக்கரம் கழற்றி ஜாக்கியில் நிற்கும் வண்டி இருந்தால் நகர்த்தவே முடியாது. எந்தக் கட்டத்திலும் வண்டி நான்கு சக்கரத்தில் தள்ளிவிடும் நிலையில் இருக்கும்படி வேலையை வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

உடம்புக்கு வரும் ஆபத்து இவற்றைவிடப் பெரியது, பேசப்படுவது மிகக் குறைவு. பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியை ஊதுவது நம் பட்டறைகளில் இயல்பாகச் செய்யும் காரியம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் நோய் பல பத்தாண்டுகள் கழித்து வரும். ஊதவே கூடாது, தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் குழந்தைகள் விளையாடும் வாசலில் உலர் தேய்ப்பு வேண்டவே வேண்டாம். காலி பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவி வெல்டிங் பொறி பட்டதும் வெடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கடியில் போகக் கூடாது. நான்கு மூலைக்கும் ஸ்டாண்டு வேண்டும். பட்டறையில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் பாதியாவது தெரியும். வீட்டில் வீடியோ பார்த்துக் கற்பவருக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் டயாப்ரங்களையும் வீங்கவைத்து மென்மையாக்கும். டேங்கின் உட்புறத்தில் படிந்துள்ள கசடைக் கரைத்து ஜெட்டில் கொண்டுவந்து அடைக்கும். மாதத்துக்கு ஒருமுறை ஓட்டும் வண்டிக்கு இது தினசரி வண்டியைவிடக் கேடு. டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் இருப்பதும், எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவதும் இனிமேல் இந்த வேலையில் ஒரு பகுதி.

எம்1 உண்டு, என்1 இல்லை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு, மோட்டார் வாகன விதிகளில் ‘விண்டேஜ் வாகனம்’ என்ற பிரிவைச் சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு ஓட்டலாம்; அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் கூடாது. இதுவரை நல்ல விதிதான். பழைய வண்டிக்காரர்கள் நெடுநாள் கேட்டது.

ஆனால் 81ஏ விதியைக் கவனமாகப் படித்தால் அது யாருக்குப் பொருந்தும் என்று தெரியும். இரு சக்கர வாகனங்கள். நான்கு சக்கரத்தில் ‘எம்1’ வகை மட்டும். ஓட்டுநரைத் தவிர 8 பேர் வரை உட்காரும் பயணி வாகனம்தான் எம்1. மொத்த எடை 3.5 டன் வரையுள்ள சரக்கு வண்டிக்குப் பெயர் ‘என்1’. பிக்கப் என்1. அதனால் அது 50 அல்ல, 80 வயதானாலும் இந்த விதியின் கண்ணில் விண்டேஜ் ஆகாது.

ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், ஒரே இன்ஜினோடும் ஒரே கியர் பாக்ஸோடும் பிறந்த இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கை வைத்த ஜீப், பாரம்பரியச் சின்னம். பின்னால் தொட்டி வைத்த பிக்கப், காலாவதியான சரக்கு வாகனம். முன்னதில் அதிகாரி போனார், பின்னதில் மூட்டை போயிற்று. இந்த வேறுபாட்டுக்கு வரலாற்று நோக்கில் எந்த நியாயமும் இல்லை.

இதன் விளைவுகள் நேரடியானவை. விண்டேஜ் பதிவு கிடைக்காத பிக்கப்பை வைத்திருப்பவர் அதைச் சரக்கு வாகனமாகவே நடத்த வேண்டும். எட்டு ஆண்டைத் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எப்.சி. எனும் தகுதிச் சான்று வேண்டும்; அதன் கட்டணம் வண்டியின் வயதோடு ஏறுகிறது. பசுமை வரி தனி. சொந்த உபயோகப் பதிவுக்கு மாற்ற முயன்றால் அது ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதலைப் பொறுத்தது. மாற்றிவிட்டாலும் செலவு விடாது: 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டைத் தாண்டிய இலகுரக வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். ஆண்டுக்குச் சில நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு இவ்வளவு.

இன்னொரு விளைவு எனக்கு அதிக வருத்தம் தருகிறது. தொட்டியை வெட்டி எறிந்துவிட்டு, இருக்கை வைத்து, துணிக் கூரை போட்டு, பிக்கப்பை ‘ஜீப்’ ஆக்கிவிடுகிறார்கள். அரிதாக மிஞ்சிய ஒரு பிக்கப் இப்படித்தான் ஆயிரக்கணக்கான ஜீப்புகளில் இன்னொன்றாகிறது. இது சட்டத்துக்கும் எதிரானது. தயாரிப்பாளர் குறித்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

▣ பெட்டிச் செய்தி: மற்ற நாடுகளில்

ஜெர்மனி: 30 ஆண்டைக் கடந்த, மூல நிலையில் உள்ள வண்டிக்கு ‘எச்’ என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட்.

சிங்கப்பூர்: 35 ஆண்டு கடந்தால் ‘கிளாசிக்’ திட்டம். ஆண்டுக்கு 45 நாள் வரை ஓட்டலாம்.

பிரிட்டன்: 40 ஆண்டு கடந்தால் ‘வரலாற்று வாகனம்’. சாலை வரி இல்லை.

இந்தியா: 50 ஆண்டு. இரு சக்கர வாகனமும் எம்1 வகையும் மட்டும்.

50 ஆண்டு என்ற வரம்பைச் சரக்கு வண்டிக்கும் நீட்டினால் போதுமா? போதாது என்பது என் கருத்து. டாடா 407-க்கு 50 வயது நிறைவது 2036-ல். டாடா மொபைலுக்கு 2038-ல். உழைப்பதற்கென்றே பிறந்த வண்டி அத்தனை காலம் சும்மா நின்று காத்திருக்காது. சரக்கு வண்டிக்கு 30 ஆண்டு என்று வைத்து, வணிகப் பயன்பாட்டைக் கைவிட்டதாக உறுதிமொழி வாங்கிக்கொண்டு பதிவு கொடுப்பதில் அரசுக்கு இழப்பு எதுவும் தெரியவில்லை. சாலையில் புகை கக்கிக்கொண்டு தினமும் ஓடும் வண்டிக்கு இந்தச் சலுகை போகக் கூடாது, அது சரி. ஆண்டுக்கு இத்தனை நாள் என்று சிங்கப்பூர் வைத்திருக்கும் வரம்பு அந்தக் கவலையைத் தீர்த்துவிடும்.

வரத்தும் அடைபடுகிறது. மின்வாரியம், பொதுப்பணித்துறை, சுகாதாரத்துறையின் பழைய ஜீப்புகளும் பிக்கப்புகளும் ஏலத்துக்கு வந்தால் ஆர்வலர்கள் எடுப்பார்கள். ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகி, அவை பதிவுபெற்ற உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். கிராமத்துக்குத் தடுப்பூசி கொண்டுபோன வண்டி, ஏரிக்கரை உடைந்தபோது மணல்மூட்டை ஏற்றிய வண்டி எல்லாம் அங்கேதான். துறைக்கு ஒன்றையாவது எடுத்துவைக்க ஓர் ஏற்பாடு இருந்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்துப் பாடம்

பழைய வண்டியை வாழவைப்பதைத் தமிழர்கள் பொழுதுபோக்காக மட்டும் கற்றதில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, கரியை எரித்து வாயுவில் பேருந்து ஓட்டும் கருவியை டி.வி.எஸ். நிறுவனம் செய்து கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெட்ரோலும் உதிரிப் பாகமும் உள்ளே வராத நிலையில், மொறிஸ் மைனரையும் ஆஸ்டினையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சில துளி பெட்ரோலில் இன்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அங்கே எல்லா ஓட்டுநருக்கும் கைவந்த கலை. வேறெங்கோ எப்போதோ எடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள் அங்கே தப்பியதற்கு அந்தக் கைகளே காரணம்.

அப்படிப்பட்ட கை நம் ஊரிலும் இருக்கிறது, ஆனால் வயதாகிக்கொண்டிருக்கிறது. புதுக் கார்களின் கதவு நசுங்கினால் இன்று கழற்றிப் போட்டுப் புதிது மாட்டுகிறார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வெல்டிங்கை ரோபோ செய்கிறது. தட்டித் தட்டித் தகரத்துக்கு வளைவு கொடுக்கவும், கார்புரேட்டர் சத்தத்தைக் காதால் கேட்டே டியூன் செய்யவும் தெரிந்தவர்களிடம் கற்க இளைஞர்கள் வருவதில்லை; வந்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. வீட்டில் வண்டி புதுப்பிக்கும் ஒருவர் வருஷக்கணக்கில் ஒரு மூத்த டிங்கரிடமும் ஒரு லேத் பட்டறையிடமும் வேலை கொடுக்கிறார், பக்கத்தில் நின்று பார்க்கிறார், பாதியைத் தானே கற்கிறார். இந்த வித்தை கைமாறும் இடமாக இப்போது மிஞ்சியிருப்பது இந்த வாசல்கள்தான். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு ஒரு பழைய சரக்கு வண்டியை முழுதாகப் பிரித்துக் கோப்பதைப் பாடமாக வைத்தால், புத்தகத்தில் இல்லாத பலவற்றை அந்த மூத்தவர்கள் ஒரே ஆண்டில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தா காலத்துப் பிக்கப் நிற்கிறதென்றால், ஸ்பேனரை எடுக்கும் முன் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். பழைய கையெழுத்துப் பதிவுகள் பல ‘வாகன்’ கணினித் தொகுப்பில் ஏறியிருக்காது. மூலப் புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் ஏற்றச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு டி.என்.21 அலுவலகம், பதிவு வேறு அலுவலகத்தில் நடந்திருந்தால் அங்கே. புத்தகம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, படிவம் 26-ல் நகல் கேட்க வேண்டும். புத்தகத்தில் பெயர் உள்ளவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றம் முதலில். இன்ஜின் மாற்றியிருந்தால் அதற்கும் ஒப்புதல் வேண்டும். இவை முடிய மாதங்கள் ஆகலாம். சேசிஸைக் குத்திப் பார்க்கும் ஸ்க்ரூ டிரைவர் வேலையை அதற்குள் தொடங்கிவிடலாம்.